கப்பல் ஊழியருக்குக் கூடுதல் டிப்ஸ்: எவ்வளவு, யாருக்கு, எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் சிங்கப்பூரின் மரினா பே கப்பல் நிலையத்தில் நம்மவர் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது. மூன்று இரவுப் பயணம், நான்கு இரவுப் பயணம் என்று பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் தாத்தா பாட்டியோடு குடும்பமாகக் கிளம்புகிறார்கள். ஏறும் முன்பே எழும் கேள்வி ஒன்றுண்டு: டிப்ஸைக் கப்பல் நிறுவனமே பிடித்துக்கொள்கிறதே, அதற்கு மேலும் கொடுக்கவேண்டுமா, கொடுத்தால் எவ்வளவு? இதற்கு இரண்டு யோசனைகள் ஊரில் உலவுகின்றன. ‘பிடிக்கும் தொகையை நீக்கச் சொல்லிவிட்டு, உழைத்தவர் கையிலேயே கொடுத்துவிடு’ என்பது ஒன்று. ‘கட்டியாகிவிட்டது, இனி ஒரு காசும் தேவையில்லை’ என்பது இன்னொன்று. முதல் யோசனை தவறானது. இரண்டாவதில் தவறில்லை, அது பாதிக் கணக்கு, அவ்வளவுதான். உங்கள் குடும்பம் கப்பலில் யாருக்கு எவ்வளவு வேலையைக் கூட்டியது என்று பார்த்துக் கூடுதல் தொகையை முடிவு செய்தால் குழப்பமே வராது.

பிடிக்கும் தொகையை முதலில் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு நிலவரப்படி ராயல் கரீபியன் கப்பல் நிறுவனம் சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டாலரும், சூட் எனப்படும் உயர்வகுப்பு அறைக்கு 21 டாலரும் பிடித்தது. நார்வீஜியனில் 20 டாலர், அதன் உயர்வகுப்பு அறைகளில் 25. கார்னிவலில் 16, சூட்டுக்கு 18. இந்த விகிதங்கள் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ஏறுகின்றன; முன்பதிவிலேயே கட்டிவிட்டவர்களைப் பொதுவாக ஏற்றம் தொடுவதில்லை. ராயல் கரீபியனில் சிறு பிள்ளைக்கும் முழுத் தொகைதான். அதன்படி அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஓர் அறையில் நான்கு இரவு போனால் 18.50 × 4 × 4 = 296 டாலர். ஒரு டாலருக்கு 1.30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 385 வெள்ளி. பயணச்சீட்டு மலிவாகக் கிடைத்ததே என்று பதிவு செய்த குடும்பம், கப்பலில் ஏறிய இரண்டாம் நாள் கணக்கைப் பார்த்துத் திடுக்கிடுவது இதனால்தான். பதிவு செய்யும் அன்றே இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இது உணவகத்தில் நாம் கட்டும் 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணத்தைப் போன்றதுதானே என்று பலர் கேட்கிறார்கள். போன்றதன்று. சிங்கப்பூரில் அந்தக் கட்டணத்தை ஊழியருக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. கப்பலில் நிலைமை வேறு: அடிப்படைச் சம்பளம் குறைவு, அன்பளிப்புப் பங்கு வருமானத்தின் பெரும்பகுதி. அமெரிக்க நிறுவனமாக இருந்தாலும் கப்பல் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியோடு ஓடுவதால் அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அந்த ஊழியரை எட்டாது. பயணியே சம்பளம் கொடுக்கும் முறை இது என்று சொன்னால் மிகையில்லை. முறை சரியா என்று வாதிடலாம். பிரிட்டனின் பி அண்ட் ஓ கப்பல் நிறுவனம் 2019இல் தனியாக டிப்ஸ் பிடிப்பதையே நிறுத்தி, பயணக் கட்டணத்துக்குள் அடக்கிவிட்டது. மற்ற நிறுவனங்களாலும் முடியாத காரியமில்லை. ஆனால் அந்த வாதத்தை நடத்தவேண்டியது நிறுவனத்தோடு. அறையைத் துடைக்கும் பிலிப்பினோ இளைஞரின் பங்கில் கைவைத்து நடத்தக்கூடாது.

பிடிப்பதை நீக்குவதில் நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. முன்பெல்லாம் பயணி கடைசி இரவில் மூன்று நான்கு உறைகளை வைத்துக்கொண்டு அறைப் பணியாளருக்கு ஒன்று, வெயிட்டருக்கு ஒன்று என்று கொடுப்பார். தினமும் அதே மேசை, அதே வெயிட்டர் என்பதால் அது நடந்தது. நார்வீஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில், விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். இரவுக்கு ஒரு மேசை என்றானபின் உறையை யாரிடம் கொடுப்பது? அதனால்தான் பொதுவாகப் பிடித்துப் பங்கிடும் முறை வேரூன்றியது. அந்தப் பங்கில் நம் கண்ணில் படாதவர்களும் இருக்கிறார்கள்: அடித்தளத்தில் துணி வெளுப்பவர்கள், சமையற்கட்டில் பாத்திரம் கழுவுபவர்கள், இரவெல்லாம் நடைவழிக் கம்பளத்தைச் சுத்தம் செய்பவர்கள். நீங்கள் நீக்கிவிட்டுக் கையில் கொடுக்கும் 50 டாலர் இவர்களை எட்டாது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பொதுத்தொகையை நீக்கியவர் கையில் கொடுக்கும் பணத்தை ஊழியர் பொதுப் பங்கில் ஒப்படைக்கவேண்டும் என்ற விதி சில கப்பல்களில் உண்டு. ‘நேரடியாகக் கொடுத்துவிட்டோம்’ என்ற திருப்தி மட்டும்தான் அப்போது மிச்சம்.

ஆகவே பிடிப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். கூடுதலுக்கு வருவோம்.

பயணச்சீட்டு விலையில் இத்தனை விழுக்காடு என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. டிசம்பரில் அதே அறையின் விலை இரட்டிப்பாகிறது. விரிக்கும் படுக்கை அதே படுக்கைதான். அந்தக் கணக்கு உதவாது. அதேபோல் மெத்தைமேல் துண்டை மடித்து யானை, குரங்கு செய்து வைப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் குதிக்க, பெற்றோர் உடனே பர்ஸை எடுப்பதும் தேவையில்லை. அது எல்லா அறைக்கும் நடப்பது. உங்கள் அறையில் மட்டும் நடந்தது என்ன என்று பாருங்கள்.

நான்கு பேர் ஓர் அறையில் தங்கினால், இரண்டு படுக்கைகள் கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்கும். பணியாளர் அவற்றை மாலையில் இறக்கி, ஏணி மாட்டி, விரிப்புப் போடுகிறார். காலையில் மீண்டும் மடித்து ஏற்றுகிறார். சோபாவையும் படுக்கையாக்கச் சொன்னால் அது தனி வேலை. இருவர் தங்கும் அறையைப் போல ஒன்றரை மடங்கு நேரமாவது பிடிக்கும். துண்டுகள் இரட்டிப்பு, குளியலறை ஈரம் இரட்டிப்பு, பிஸ்கட் தூள் சொல்லவே வேண்டாம். ராயல் கரீபியன், நார்வீஜியன் இரண்டிலும் 2023 முதல் சாதாரண அறைகளுக்கு நாளுக்கு ஒருமுறைதான் சுத்தம் செய்கிறார்கள். குழந்தை இருப்பதால் இரண்டாம் முறையும் வரச்சொன்னால் அது முழுக்கக் கூடுதல் வேலை. இருவர் மட்டும் தங்கி எதுவும் தனியாகக் கேட்காத அறை என்றால், நான்கு இரவுக்கு 10 டாலர் போதும், கொடுக்காவிட்டாலும் குறையில்லை. நான்கு பேர், இறக்கும் படுக்கைகள், இரண்டாம் முறை சுத்தம் என்றால் 20 முதல் 25 டாலர் நியாயம்.

‘நான்கு நாள்தானே’ என்று குறுகிய பயணத்தில் கையை இறுக்கிக்கொள்வது நம்மிடம் இருக்கும் பழக்கம். ஊழியர் பக்கமிருந்து பாருங்கள். ஏழு இரவுப் பயணத்தில் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் எல்லா அறைகளும் காலியாகி, விரிப்பு முழுவதும் மாற்றி, அடுத்த கூட்டத்துக்குத் தயாராகும். மூன்று, நான்கு இரவுப் பயணத்தில் அந்த நாள் வாரத்துக்கு இரண்டு முறை வரும். காலை ஒன்பது மணிவாக்கில் ஒரு கூட்டம் இறங்கும், நண்பகலுக்கு அடுத்த கூட்டம் ஏறும். இடையில் ஒருவர் பதினைந்து அறைகளுக்கு மேல் முடிக்கவேண்டியிருக்கும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தரச் சொல்கிறது. மிச்ச நேரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வார விடுமுறை என்ற ஒன்று கிடையாது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் குறுகிய பயணங்களில் இவர்களுக்குத்தான் வேலை நெருக்கடி அதிகம்.

அடுத்தது சாப்பாட்டு மேசை. நம் குடும்பங்கள் மிக அதிகமாக வேலை கொடுப்பதும், கொடுத்ததை உணராமல் விடுவதும் இங்கேதான். முதல் இரவில் மெனுவைப் பார்த்துவிட்டுப் பாட்டிக்கு முட்டை ஆகாது, அப்பாவுக்குச் சனிக்கிழமை சைவம், பெரியம்மாவுக்கு வெங்காயம் பூண்டு கூடாது என்று வெயிட்டரிடம் சொல்கிறோம். அவரால் அப்போது செய்யக்கூடியது அதிகமில்லை. பெரிய கப்பல்களில் இதற்கு வழி இருக்கிறது: ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டுச் சொன்னால், மறுநாள் இரவுக்கான இந்திய சைவ உணவை முந்தைய இரவே சமையற்கட்டில் சொல்லிவைப்பார். பருப்பு, காய்கறிக் குழம்பு, சோறு, சப்பாத்தி, தயிர் என்று மெனுவில் இல்லாதது மேசைக்கு வரும். நூற்றுக்கணக்கான தட்டுகள் ஒரே நேரத்தில் போகும் சமையற்கட்டில் ஆறு தட்டைத் தனி வாணலியில் சமைத்து, மாறிப்போகாமல் உங்கள் மேசைக்கு வரச்செய்வது சின்ன வேலையன்று. தவறு நேர்வது பெரும்பாலும் நம் பக்கத்தில்: முன்பதிவின்போது உணவுக் கட்டுப்பாட்டைக் குறிப்பிடாமல் விடுவது, சொல்லிவைத்த இரவில் மேசைக்கு வராமல் பஃபேக்குப் போய்விடுவது. இரண்டாவதைச் செய்தால் சமைத்தது குப்பைக்குப் போகும், அடுத்த நாள் அந்த ஹெட் வெயிட்டரின் உற்சாகமும் குறையும்.

இப்படித் தினமும் ஏற்பாடு செய்த ஹெட் வெயிட்டருக்கு நான்கு இரவுக்கு 15 முதல் 20 டாலர் கொடுக்கலாம். சமைத்தவருக்கும் சேர வேண்டும் என்றால், தனியாக ஓர் உறையில் 10 டாலர் வைத்து ‘எங்களுக்காகச் சமைத்தவருக்கு’ என்று எழுதி அவரிடமே கொடுங்கள். பெரும்பாலும் போய்ச் சேரும். எந்த ஏற்பாடும் செய்யாமல், கடைசி இரவில் மட்டும் வந்து ‘எல்லாம் நன்றாக இருந்ததா’ என்று கைகுலுக்கும் ஹெட் வெயிட்டருக்குப் புன்னகை போதும். தினமும் ஒரே மேசையில் பரிமாறிய வெயிட்டருக்கு 10 முதல் 15, தண்ணீர் ஊற்றித் தட்டெடுக்கும் உதவி வெயிட்டருக்கு 8 முதல் 10. உதவி வெயிட்டரை மறக்கவேண்டாம்; பாட்டியின் பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பிக் கொடுப்பது அவராகத்தான் இருக்கும். சூடேற்றும் கருவி என்பதால் கெட்டிலையும் சோறு வடிக்கும் குக்கரையும் பல கப்பல்களில் பாதுகாப்புச் சோதனையிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே வெந்நீருக்கு அவரே கதி. இரவுக்கு ஓர் உணவகம் என்று மாறி மாறிச் சாப்பிட்டிருந்தால் யாருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை.

பஃபேயில் பெரியவர்களின் தட்டை மேசைவரை தூக்கி வந்து உதவியவருக்கு அப்போதே 2 டாலர். அறைக்கே உணவு கொண்டுவருபவருக்கும் அப்படியே. பிள்ளைகள் மன்றத்தில் உங்கள் மகனோ மகளோ நாள்தோறும் மணிக்கணக்கில் இருந்திருந்தால் அந்தக் குழுவுக்குச் சேர்த்து 10 டாலர். பல கப்பல்களில் அவர்கள் பொதுப் பங்கில் வருவதில்லை. கேப்டனுக்கும் சீருடைப் பட்டை அணிந்த அதிகாரிகளுக்கும் பணம் நீட்டவேண்டாம், சங்கடப்படுவார்கள்.

மதுக்கூடம், காப்பிக் கடை, ஸ்பா ஆகியவற்றில் கவனம் தேவை. ராயல் கரீபியனில் 18 விழுக்காடும் நார்வீஜியனில் 20 விழுக்காடும் ரசீதில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதற்குக் கீழே ‘கூடுதல் டிப்’ என்று இன்னொரு கோடு காலியாக இருக்கும். கையெழுத்துப் போடும் அவசரத்தில் அந்தக் கோட்டில் 15 விழுக்காட்டை எழுதுபவர் 33 விழுக்காடு கொடுத்தவராகிறார். மனமறிந்து கொடுத்தால் நல்லது. தெரியாமல் கொடுப்பதுதான் வீண். பானத் தொகுப்பு வாங்கியிருந்தால் வாங்கும்போதே அந்த விழுக்காடு போய்விட்டது. ஒவ்வொரு முறையும் ரசீதில் சுழியம் தெரிவதைப் பார்த்து வருந்தவேண்டாம்.

மேலே சொன்ன நான்கு பேர் குடும்பம், அறைப் பணியாளர், சைவ உணவு ஏற்பாடு செய்த ஹெட் வெயிட்டர், வெயிட்டர், உதவி வெயிட்டர் ஆகியோருக்குரியதைக் கூட்டினால் 53 முதல் 70 டாலர் வரும். பிடித்த 296 டாலரோடு ஒப்பிட்டால் கால்பங்குக்கு மேல் போகாது. ஏழு இரவுப் பயணத்துக்கு இதை ஒன்றரை மடங்காக்கினால் போதும், இரட்டிப்பாக்கவேண்டியதில்லை. இந்தத் தொகை கையில் இல்லையென்றால் அறைப் பணியாளருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். கடன் அட்டையில் தேய்த்துக் கொடுக்கும் அளவுக்கு இதில் கட்டாயம் எதுவுமில்லை.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து குடும்பம் சேர்ந்து போகும்போது ஆளுக்கு இவ்வளவு என்று ஒருவர் வசூலிப்பார். அந்தப் பணம் எல்லாரும் பார்த்துப் பழகிய வெயிட்டருக்கே பெரும்பாலும் போய்விடுகிறது. ஐந்து அறைகள் மூன்று தளங்களில் இருந்திருக்கும், மூன்று வெவ்வேறு பணியாளர்கள் உழைத்திருப்பார்கள். பாட்டி தாத்தா அறையின் பணியாளர் எல்லாருக்கும் முன்னால் மறக்கப்படுபவர். மேசைக்கு மட்டும் பொதுவில் வசூலியுங்கள். அறைக்கு அந்தந்த அறையினரே கொடுக்கட்டும்.

பணத்தை எந்த வடிவில் கொடுப்பது? அமெரிக்க டாலர் நோட்டு எல்லாருக்கும் வசதி. ஆர்க்கேடிலோ முஸ்தஃபாவிலோ உள்ள நாணய மாற்றுக் கடைகளில் மாற்றும்போது 5, 10, 20 டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். கசங்காத, கிறுக்கல் இல்லாத நோட்டுகளாக இருக்கட்டும். இந்தோனீசியாவிலும் பிலிப்பீன்ஸிலும் நாணய மாற்றுக் கடைக்காரர்கள் பழைய, மடிப்பு விழுந்த டாலரை வாங்க மறுப்பதும் விலை குறைப்பதும் சகஜம். சின்ன நோட்டுக்கு மாற்று விகிதமும் குறைவு. ஆகவே இருபது ஒரு டாலர் நோட்டுகளைவிட ஒரே ஒரு 20 டாலர் நோட்டு அவருக்கு அதிகம் பெறும். கப்பல் சிங்கப்பூருக்கே திரும்பி வருவதால் சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தாலும் தப்பில்லை, கரையிறங்கும்போது செலவழித்துக்கொள்வார்கள். நாணயங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மிஞ்சிய ரிங்கிட் சில்லறையை மேசைமேல் குவித்துவிட்டு வருவது டிப்ஸ் ஆகாது. முறுக்கு, மிக்சர் கொடுக்க ஆசைப்பட்டால் பிரிக்காத பொட்டலமாகப் பணத்தோடு சேர்த்துக் கொடுங்கள், பணத்துக்குப் பதிலாக வேண்டாம்.

நேரமும் முக்கியம். கடைசிநாள் காலை வெயிட்டரைத் தேடினால் கிடைக்கமாட்டார். காலை உணவுக்கு வேறு ஆள் நிற்பார். மேசைக்குரியதைக் கடைசி இரவு உணவின்போதே கொடுத்துவிடுங்கள். அறைப் பணியாளருக்கு அன்று மாலை, பெட்டிகளை நடைவழியில் வைக்கும் முன், கையில் கொடுங்கள். காலையில் தலையணைமேல் வெறும் நோட்டாக விட்டுவிட்டு இறங்கினால் அது உங்களுக்கு மறந்துபோன பணமா, அவருக்குரியதா என்பது அவருக்கே தெரியாது. நேர்மையானவர் அதைத் தொலைந்த பொருளாக ஒப்படைத்துவிடுவார். ஆளைப் பார்க்க முடியாவிட்டால் உறையில் போட்டு, மேலே அவர் பெயரை எழுதி, ‘நன்றி’ என்று குறிப்பிடுங்கள். உறை வேண்டுமென்றால் விருந்தினர் சேவை முகப்பில் கேட்டால் தருவார்கள். முதல் நாளே பாதியைக் கொடுத்தால் நன்றாகக் கவனிப்பார்கள் என்ற யோசனை எனக்கு உவப்பில்லை. அது கைக்கூலியின் சாயலில் போய்விடுகிறது. படுக்கையில் விழுந்த முதியவரோடு போகிறவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் முதல் நாளே தேவையைச் சொல்லி, ஒரு சிறுதொகை கொடுப்பதில் குற்றமில்லை.

பணத்தோடு செலவில்லாத ஒன்றும் இருக்கிறது. பயணம் முடிந்தபின் மின்னஞ்சலில் வரும் கருத்துக்கணிப்பில் ஊழியரின் பெயரையும் பணியிடத்தையும் குறிப்பிட்டால், அது அவருடைய பதவி உயர்வுக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் உதவும். பெயர்ப் பட்டையில் பெயரோடு நாடும் போட்டிருக்கும். கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து ‘அந்த உயரமான தம்பி’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. நம்மில் பலர் நன்றாக இருந்தாலும் பத்துக்கு ஏழு போடுவோம். இந்தக் கணிப்புகளில் ஏழு என்றால் குறை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

சேவை சரியில்லையென்றால்? இரண்டாம் நாளே அறைப் பகுதி மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். சொன்ன அன்றே பெரும்பாலும் சரியாகிவிடும். சகித்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசி நாள் முகப்பில் நின்று மொத்தத் தொகையையும் நீக்கச் சொல்வதால் அழுக்குத் துண்டு மாறப்போவதில்லை. பாத்திரம் கழுவியவர் பங்குதான் குறையும்.

கடைசியாக, இறங்கும் முந்தைய இரவு பத்து மணிக்குள் தொலைக்காட்சியிலோ செயலியிலோ உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். முன்பதிவிலேயே டிப்ஸ் கட்டியவர்களுக்குச் சில வேளை நாள்தோறும் மீண்டும் ஒருமுறை பிடித்திருப்பார்கள். பிள்ளையின் பெயரில் மட்டும் இப்படி நேர்வதும் உண்டு. முன்பு கட்டிய ரசீதைக் கைப்பேசியில் வைத்திருந்தால் முகப்பில் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனால் அங்கே நீளும் வரிசையில் நின்று, இறங்கும் நேரத்தைத் தவறவிடுவீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிங்கப்பூர்